ஏழு படியும் ஒரு லொறியும்

தைப்பொங்கல் அன்று காலை ஏழரை மணிக்கு ராசமலர் ஒரு வாளி சுடுதண்ணீரைத் தூக்கிக்கொண்டு வந்து, ஒஸ்லோவுக்குக் கிட்ட லோறென்ஸ்கூக்கில் தாங்கள் புதிதாக வாங்கிய வீட்டின் ஏழு கற்படிகளிலும் ஊற்றி, தும்புத்தடியால் தேய்த்துக் கழுவினாள். வெளியே மைனஸ் பதினொன்று.

பத்தொன்பது வருடம் நோர்வேயில் குப்பை கொட்டியவள் செய்கிற வேலையா இது? அதிலும் முதல் நாலு வருடம் வடக்கே, பொட்ஸ்ஃபியூரில், மீன் தொழிற்சாலையில் நின்றவள். தண்ணீர் எப்போது கல்லாகும் என்று அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. ஆனால் ஹவுகன்ஸ்டுவாவில் பதினொரு வருடம் நாலாம் மாடியில் இருந்தவளுக்கு வாசல் என்று ஒன்று இருக்கவில்லை. கதவைத் திறந்தால் லிஃப்ட். போன ஒக்டோபரில்தான் முதன்முதலாகச் சொந்தமாக ஒரு வாசல் கிடைத்தது. பொங்கல் விடிந்தால் வாசல் கழுவ வேண்டும் என்று கை நினைத்தது. கை நினைத்ததைக் கை செய்தது. மூளை பிறகுதான் எழும்பியது.

படிகளில் ஆவி பறந்தது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. கோலம் போடலாமென்று அரிசிமாவை எடுத்தாள். மா விரலை விட்டு இறங்குவதற்கு முன்பே காற்று அதை அள்ளிக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டு வேலியில் பூசியது.

"போ, அவளின்ரை வேலியிலையே போய்க் கோலத்தைப் போடு," என்று காற்றைப் பேசிவிட்டு உள்ளே போனாள்.

அவள் என்றால் தூறில். பக்கத்து வீட்டுக்காரி. ராசமலரின் வயதுதான் இருக்கும், ஐம்பது, ஐம்பத்தொன்று. சொந்தமாக ஒரு லொறி வைத்து, அதன் முன்னால் பெரிய இரும்புத் தகட்டைப் பூட்டி, நகரசபைக்குக் குத்தகையில் வீதிப் பனி தள்ளுகிறவள். காலை நாலரைக்கே லொறி உறுமத் தொடங்கிவிடும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வீதிப் பனியைத் தள்ளிக்கொண்டு போகும்போது தகட்டின் ஓரத்தால் வழிகிற பனி முழுவதும் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் இடுப்பளவு வரம்பாகக் குவியும். கல்லும் உப்புமாய் இறுகிய பனி. ராசமலர் அரைமணி நேரம் சவலால் வெட்டி அள்ளிக் காரை வெளியே எடுக்க வழி பண்ணுவாள். தூறில் திரும்பி வந்து இன்னொரு வரம்பு போடுவாள்.

பொங்கலுக்கு முந்தின செவ்வாய்க்கிழமை ராசமலருக்குப் பொறுமை போய்விட்டது. லொறி வருவதைக் கண்டதும், அள்ளின பனியை வேண்டுமென்றே வீதியில் லொறிக்கு முன்னால் கொட்டினாள். தூறில் லொறியை நிறுத்தி இறங்கி வந்து, சிகரட்டை வாயில் வைத்தபடியே சொன்னாள்.

"இன்னொருக்கால் இப்பிடிச் செய்தால் பொலிஸுக்கு அடிப்பன்."

"அடி. என்ரை புருஷனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஏலாமல் நீதான் வாசலை மூடுறாய் எண்டு நானும் சொல்லுறன்."

தூறில் லொறியில் ஏறிப் போனாள். அன்றிலிருந்து இரண்டு பேரும் முகம் பார்ப்பதில்லை.

புருஷன் குலேந்திரனுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய் ஒன்றரை வருடமாகிறது. திங்கள், புதன், வெள்ளி என்று கிழமைக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரியில் நாலு மணித்தியாலம் மெஷினில் கிடக்க வேண்டும். இரத்தம் வெளியே போய்க் கழுவுப்பட்டு உள்ளே வரும். கால்களில் உணர்ச்சி குறைந்து, பிடித்துப் பிடித்துத்தான் நடை. ஆஸ்பத்திரிக்குக் கிட்ட என்றுதான் இந்த வீட்டையே வாங்கினார்கள். இந்த முறை பொங்கல் வெள்ளிக்கிழமை வந்திருந்தது. வெள்ளி தவறினால் அடுத்த முறை திங்கள். ஐந்து நாள் கழுவாத இரத்தத்தோடு இருக்க முடியாது என்று குலேந்திரனுக்கும் தெரியும், ராசமலருக்கும் தெரியும், பத்தொன்பது வயது மகள் துஷ்யாவுக்கும் தெரியும்.

எட்டரைக்கு ராசமலர் வாசல் விறாந்தையில் காஸ் அடுப்பை வைத்துப் பானையை ஏற்றினாள். மூன்று முறை பற்ற வைத்தாள், மூன்று முறையும் காற்று ஊதி அணைத்தது. நாலாம் முறை நெருப்போடு சேர்த்து அவளையும் தள்ளப் பார்த்தது. கிழக்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. பிறகு ஒரு திரையை அவிழ்த்து விட்டதுபோலப் பனி விழத் தொடங்கியது. விழவில்லை, பக்கவாட்டில் பறந்தது. பத்து நிமிடத்தில் எதிர்வீட்டைக் காணவில்லை.

ரேடியோவில் ஒருவன் நிதானமாக விளக்கிக்கொண்டிருந்தான். கிழக்கே ஊய்யரன் ஏரி இந்த முறை இன்னும் உறையவில்லையாம். காய்ந்த குளிர்காற்று அந்தத் திறந்த தண்ணீருக்கு மேலால் வரும்போது ஈரத்தைக் குடித்துக்கொண்டு வந்து, முதலில் எதிர்ப்படுகிற மேட்டில் கக்கிவிடுமாம். ஒடுங்கிய ஒரு பட்டையில்தான் கொட்டுமாம். பட்டைக்கு வெளியே ஒன்றும் இல்லையாம்.

"அந்தப் பட்டை சரியா எங்கடை தலையிலை," என்றாள் ராசமலர். பானையைக் குசினிக்குக் கொண்டுபோய் மின்னடுப்பில் வைத்தாள்.

தம்பி மகேசன் ஹவுகன்ஸ்டுவாவிலிருந்து ஃபோன் எடுத்தான். காரில் பத்து நிமிடத் தூரம்தான்.

"அக்கா, பொங்கிப்போட்டியளே? இஞ்சை பல்கனியிலை சூரியன் பளீரெண்டு நிக்குது. பால் கிழக்காலை பொங்கினது!"

"சூரியனை நீயே வைச்சிரு. இஞ்சை கண் தெரியேல்லை. அத்தானைக் கொண்டுபோக டாக்சி வரவேணும்."

"டாக்சி வராட்டி நான் வாறன், யோசியாதேங்கோ."

டாக்சி பத்து மணிக்கு வரவேண்டும். பத்தே காலாகியும் வரவில்லை. துஷ்யா அழைத்துப் பேசினாள். டாக்சிக் கந்தோர் ஒஸ்லோ நடுவில் இருந்தது. அங்கிருந்த பெண், இங்கே நல்ல வெயில், அங்கே அப்படி என்ன பனி என்று முதலில் நம்பவேயில்லை. பிறகு விசாரித்துவிட்டு, மேட்டு வீதியில் மூன்று டாக்சிகள் புதைந்து நிற்பதாகவும் இனி ஒன்றையும் அனுப்ப முடியாது என்றும் சொன்னாள்.

துஷ்யா ஜக்கெட்டை மாட்டிக்கொண்டு காரைத் தோண்டப் புறப்பட்டாள். கதவைத் திறந்து இரண்டாம் படியில் காலை வைத்ததுதான். ஒரு சத்தம். ஏழாம் படிக்குக் கீழே பனிக்குள் இருந்தபடி கத்தினாள்.

"அம்மா! இதென்ன, படி முழுக்கக் கண்ணாடி! ஆர் தண்ணி ஊத்தினது?"

ராசமலர் வாசலில் நின்று பார்த்தாள். மேலே ஒரு சாண் பஞ்சுப்பனி. அதற்குக் கீழே அவள் ஊற்றிய ஒரு வாளி தண்ணீர் ஏழு படியையும் ஒரே வார்ப்பாக வார்த்து வைத்திருந்தது. கால் விளங்காத மனிதனை இந்தப் படியால் எப்படி இறக்குவது?

"நான்தான்," என்றாள்.

"ஏன் அம்மா?"

"வாசல் கழுவினனான்."

"ஐயோ அம்மா. யனுவாரிலையா!"

துஷ்யா சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இடுப்பைத் தடவிக்கொண்டிருந்தாள். உள்ளே சோபாவில் இருந்த குலேந்திரன் சிரித்தார். "என்னை வீட்டிலை வைச்சிருக்க உன்ரை கொம்மா எடுத்த முடிவு, பிள்ளை."

ஆனால் அவர் குரலில் ஒரு குழறல் இருந்தது. ராசமலர் கிட்டப் போய் முகத்தைப் பார்த்தாள்.

"என்ன செய்யுது?"

"கை விறைக்குது. வாய்ச் சொண்டுப் பக்கமும் ஒரு மாதிரி."

"என்ன சாப்பிட்டனீங்கள்? உண்மையைச் சொல்லுங்கோ."

குலேந்திரன் சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்தார். "நேற்று நீ வேலைக்குப் போன பிறகு... படைக்க வாங்கி வைச்ச வாழைப்பழம்."

"எத்தினை?"

"சின்னப்பழம்தானே."

"எத்தினையப்பா?"

"மூண்டு. நாலு எண்டும் சொல்லலாம்."

வாழைப்பழம் அவருக்கு விஷம். அதிலுள்ள பொட்டாசியம் இரத்தத்தில் ஏறினால் முதலில் கை விறைக்கும், பிறகு நெஞ்சு தன் பாட்டில் நின்றுவிடும். இதை மருத்துவத்தாதி படம் கீறி விளக்கியிருந்தாள். ராசமலருக்குக் கோபத்தில் பானையைத் தூக்கி எறியவேண்டும் போலிருந்தது. ஆனால் படியில் தண்ணீர் ஊற்றியவள் பழம் தின்றவனை எந்த வாயால் பேசுவது?

ஆஸ்பத்திரிக்கு ஃபோன் எடுத்தாள். தாதி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சுருக்கமாகச் சொன்னாள்: ஒரு மணிவரை மெஷினை வைத்துக்கொண்டு காத்திருக்கிறோம். அம்புலன்சுகளும் பனியில் சிக்கி நிற்கின்றன. நெஞ்சு நோவு வந்தால் உடனே அவசர இலக்கத்துக்கு அடியுங்கள், எப்படியாவது வருவார்கள். ஆனால் அதற்குக் காத்திருக்காதீர்கள், எந்த வழியிலாவது கொண்டுவந்து சேருங்கள்.

மகேசன் புறப்பட்டு வந்து, பாதி வழியில் எல்லிங்ஸ்ருட் தாண்டியதும் பனிச் சுவருக்குள் காரை விட்டுச் சிக்கி நின்றான். "அக்கா, இஞ்சாலை வெயில், அங்காலை ஒண்டுமே இல்லை. வெள்ளைத் துணி மாதிரி. நான் காரோடை நடுவிலை நிக்கிறன்," என்று ஃபோனில் அழாக்குறையாகச் சொன்னான்.

மணி பதினொன்றே முக்கால். அப்போதுதான் லொறி உறுமுகிற சத்தம் கேட்டது. மஞ்சள் விளக்கு ஒன்று சுழன்றபடி பக்கத்து வீட்டு முற்றத்துக்குள் திரும்பியது. தூறில் சாப்பிட வந்திருக்கிறாள்.

ராசமலர் ஜன்னலில் நின்று அந்த விளக்கைப் பார்த்தாள். செவ்வாய்க்கிழமை தான் பேசிய பேச்சு அவளுக்கு முழுதாக ஞாபகம் வந்தது. சப்பாத்தைப் போட்டாள்.

"அம்மா, அவவிட்டையா போறீங்கள்?"

"வேறை ஆரிட்டைப் போக?"

ஏழு படியையும் அவள் நடந்து இறங்கவில்லை. இருந்தபடியே, குழந்தை மாதிரி, பின்பக்கத்தால் நகர்ந்து நகர்ந்து இறங்கினாள். கீழே வந்ததும் காற்று தொண்டைக்குள் பனியை அடைத்தது. வேலியைப் பிடித்துப் பிடித்துப் போய்த் தூறிலின் கதவைத் தட்டினாள். தூறில் கையில் ஒரு பாண் துண்டோடு கதவைத் திறந்தாள். முகம் காற்றில் வெந்து சிவந்து கிடந்தது.

"செவ்வாய்க்கிழமை நான் செய்தது பிழை," என்று ராசமலர் நோர்வேஜிய மொழியில் தொடங்கினாள்.

"அதுக்கு இந்தக் காத்துக்குள்ளையா வந்தனீ?"

"இல்லை. என்ரை மனுஷன் ஒரு மணிக்குள்ளை டயாலிசிஸுக்குப் போகவேணும். போகாட்டிச் செத்துப்போவார். படியிலை ஐஸ். அவரை இறக்க ஏலாது. வீதியும் இல்லை."

தூறில் பாணை ஒரு கடி கடித்து, மென்று, விழுங்கினாள். "வீதி இருக்கு. நான் எதுக்கு இருக்கிறன்? ஆஸ்பத்திரி ரோட்டும் என்ரை பட்டியலிலை இருக்கு, ரெண்டு மணிக்கு. அதை முதல்லை செய்யிறன், மற்றதைப் பிறகு செய்யிறன். அவ்வளவுதான். படியிலை எப்பிடி ஐஸ் வந்தது? உங்கடை தண்ணிக்குழாய் வெடிச்சிட்டுதோ?"

"இல்லை. நான் தண்ணி ஊத்திக் கழுவினனான்."

தூறில் வாய்க்குக் கொண்டுபோன பாணை இறக்கினாள். "ஏன்?"

"இண்டைக்குச் சூரியனுக்கு நன்றி சொல்லுற நாள். அதுக்கு வாசல் கழுவுறது."

தூறில் அவளைப் பார்த்தாள். வெளியே, ஒரு முழத் தூரத்துக்கு மேல் ஒன்றும் தெரியாத வெள்ளையைப் பார்த்தாள். "சூரியனுக்கு," என்றாள். பிறகு விறகடுப்புப் பக்கம் திரும்பி ஒரு தகர வாளியைத் தூக்கினாள். வாளி நிறையச் சாம்பல். மறுகையில் ஒரு இரும்புப் பாரை. "நட."

அவள் வேலை செய்த விதத்தை ராசமலர் பார்த்துக்கொண்டே நின்றாள். ஒரு சொல் வீண் இல்லை, ஒரு அசைவு வீண் இல்லை. பாரையால் ஒவ்வொரு படியின் விளிம்பிலும் கொத்தினாள், ஐஸ் கீறல் விட்டது. துஷ்யா பஞ்சுப்பனியை ஒதுக்க ஒதுக்க, பின்னால் சாம்பலைக் கை கையாக அள்ளி வீசினாள். காலையில் வெள்ளைக் கோலம் விழ மறுத்த படியில் இப்போது சாம்பல் ஒட்டிப் பிடித்தது. ராசமலர் ஒரு காலை வைத்துப் பார்த்தாள். வழுக்கவில்லை. அந்த நிமிடம் அவளுக்கு அழுகை வந்தது. அழுவதற்கு நேரம் இருக்கவில்லை.

குலேந்திரனைக் கைப்பிடி வைத்த சாப்பாட்டுக் கதிரையில் இருத்தி, இரண்டு சால்வைகளால் இடுப்போடு கட்டினார்கள்.

"நான் கீழ்ப்பக்கம்," என்றாள் தூறில்.

"இல்லை, நான் கீழ்ப்பக்கம். நாலு வருஷம் மீன்பெட்டி தூக்கினனான். நாப்பது கிலோ."

"இந்தாள் நாப்பது கிலோவா?"

"எழுபத்தெட்டு. அதிலை ரெண்டு கிலோ வெளியிலை போகாத தண்ணி."

"நாலு வாழைப்பழமும்," என்றாள் துஷ்யா தமிழில்.

குலேந்திரன் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "என்னை மீனெண்டே முடிவு பண்ணிப்போட்டியள் என்ன? விழுத்திப்போடாமல் கொண்டுபோங்கோ."

ராசமலர் முழங்காலை மடித்து, முதுகை நிமிர்த்தி, கதிரையின் முன்கால்களைப் பிடித்தாள். "இப்ப," என்றாள். இரண்டு பேரும் ஒரே மூச்சில் தூக்கினார்கள். ஒரு படி. நிற்பு. ஒரு படி. நிற்பு. சொல்லிக்கொள்ளத் தேவையில்லாமலே கால்கள் ஒன்றாக விழுந்தன. கீழே வைத்ததும் தூறில் மூச்சு வாங்கியபடி கேட்டாள்.

"எந்த ஊர் மீன்?"

"பொட்ஸ்ஃபியூர்."

"என்ரை அம்மா அதுக்குக் கிட்ட வார்டோவிலை மீன் வெட்டினவ. முப்பது வருஷம்." அவ்வளவுதான் சொன்னாள். "கார் ஓடுவியா?"

"ஓடுவன்."

"வடக்கிலை கொலோன ஓடியிருக்கிறியா?"

ராசமலருக்கு அது தெரியும். புயல் நாட்களில் அங்கே மலைவீதியை மூடிவிட்டு, பனி தள்ளும் லொறிக்குப் பின்னால் கார்களை வரிசையாக விடுவார்கள். முன்னால் போகிற விளக்கைத் தவிர வேறொன்றையும் பார்க்கக்கூடாது. விளக்கை விட்டால் வீதியை விட்டாய்.

"ஓடியிருக்கிறன்."

"அப்ப வா."

தூறில் லொறித் தகட்டால் காருக்கு முன்னால் கிடந்த பனியைத் தள்ளி வழி விட்டாள், தாயும் மகளும் குலேந்திரனைக் கதிரையிலிருந்து காரின் பின் இருக்கைக்கு மாற்றினார்கள். அந்தப் பயணம் வழக்கமாக ஏழு நிமிடம். அன்றைக்கு முப்பத்தைந்து. காற்று காரைப் பக்கவாட்டில் அறைந்தது. முன்கண்ணாடியில் துடைப்பான்கள் இரண்டும் ஐஸ் பிடித்து மொத்தமாகின. ராசமலருக்கு உலகத்தில் ஒரே ஒரு பொருள்தான் தெரிந்தது, சுழலும் மஞ்சள் விளக்கு. அது மங்கும்போது மூச்சை நிறுத்தினாள், தெரியும்போது விட்டாள். பின் இருக்கையில் துஷ்யா தகப்பனின் கையைத் தேய்த்துக்கொண்டே, "அப்பா, கதையுங்கோ, நித்திரை கொள்ளாதேங்கோ," என்றாள்.

"என்னத்தைக் கதைக்க? கொம்மா ஓட்டேக்கை ஆரும் நித்திரை கொள்ளுவினமே?"

ஒரு இடத்தில் லொறி நின்றது. ராசமலர் பிரேக்கை மிதித்தாள். யாரோ விட்டுப்போன டாக்சி ஒன்று குறுக்கே கிடந்தது. தூறில் தகட்டைத் தூக்கி, பின்னுக்கு எடுத்து, டாக்சிக்கும் வேலிக்கும் இடையில் ஒரு லொறி போகிற அளவுக்குப் பனியைக் குடைந்து வழி போட்டாள். மூன்று முறை போய் வந்தாள். அந்த மூன்று முறையும் ராசமலர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, எந்தச் சாமியை நினைப்பதென்று தெரியாமல், அந்தத் தகட்டையே நினைத்துக்கொண்டிருந்தாள். செவ்வாய்க்கிழமை தான் பேசின அதே தகடு.

பன்னிரண்டு ஐம்பத்திரண்டுக்கு ஆஸ்பத்திரி வாசல். தாதி சக்கர நாற்காலியோடு நின்றாள். ராசமலர் இறங்கித் திரும்பிப் பார்க்கும்போது லொறி ஏற்கெனவே வளைந்து போய்க்கொண்டிருந்தது. ஹோர்ன் ஒரு முறை அடித்தது. நன்றி சொல்ல நிற்கவில்லை. அவளுக்கு முடிக்க இன்னும் பதினெட்டு வீதி கிடந்தது.

இரத்தம் சோதித்த தாதி இலக்கத்தைப் பார்த்துவிட்டுக் குலேந்திரனைப் பார்த்தாள். "வாழைப்பழம்?" என்றாள். அவர் சின்னப்பிள்ளைபோலத் தலையாட்டினார். இன்னும் இரண்டு மூன்று மணித்தியாலம் பிந்தியிருந்தால் என்று தொடங்கியவள், ராசமலரின் முகத்தைக் கண்டு மிச்சத்தைச் சொல்லவில்லை. மெஷின் ஓடத் தொடங்கியது. சிவப்புக் குழாய்கள் இரண்டும் ஓடுவதை ராசமலர் நாலு மணித்தியாலமும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வரும்போது காற்று விழுந்துவிட்டது. அடுப்பில் பொங்கல் பானை பாதி வெந்தபடி ஆறிக் கிடந்தது. அதை வேகவைத்து, சர்க்கரை போட்டு இறக்கினாள். குலேந்திரனுக்கு ஒரு கரண்டி, அளந்து.

மறுநாள் சனிக்கிழமை, பட்டிப் பொங்கல். ஒன்பது மணிக்கு வானம் கழுவி விட்டதுபோல் இருந்தது. ராசமலர் ஐஸ்கிறீம் டப்பா ஒன்றில் பொங்கலை நிரப்பி, சின்னத் தட்டில் திருநீறும் சந்தனமும் குங்குமமும் எடுத்துக்கொண்டு சாம்பல் படியால் நடந்து இறங்கினாள். தூறிலின் வாசலுக்கு வந்து நின்றாள். அவள் இதுவரை கவனிக்காத ஒன்று அங்கே கிடந்தது. தூறிலின் வாசலிலும் அதே இடுப்பளவு வரம்பு. தன் வீடென்று அவள் தகட்டைத் தூக்கவில்லை. ஊருக்குப் போட்டதையே தனக்கும் போட்டிருந்தாள்.

ராசமலர் வரம்பில் ஏறி இறங்கினாள். முற்றத்தில் லொறி நின்றது, தகட்டில் பனி உறைந்து. குழைத்த சந்தனமும் தட்டில் கல்லாகிவிட்டது. வாயால் ஊதி ஊதி இளக்கி, தகட்டின் நடுவில் திருநீற்றை மூன்று விரலால் இழுத்து, சந்தனம் வைத்து, அதன் மேல் குங்குமத்தை அழுத்தினாள்.

"என்ன செய்யிறாய்?" தூறில் கோப்பிக் கோப்பையோடு கதவில் நின்றாள்.

"இண்டைக்கு மாட்டுக்கு நன்றி சொல்லுற நாள். எங்களுக்காக உழைக்கிற மாட்டுக்கு. குளிப்பாட்டிப் பொட்டு வைக்கிறது." ராசமலர் நிமிர்ந்தாள். "எங்களிட்டை மாடு இல்லை."

தூறில் கிட்ட வந்து பொட்டைப் பார்த்தாள். சிவப்பு, மஞ்சள், வெள்ளை.

"இதையும் கழுவினியா?"

"இல்லை. தண்ணி ஒரு சொட்டும் விடேல்லை."

தூறில் சிரித்தாள். ராசமலர் அவள் சிரித்துப் பார்த்தது அதுதான் முதல் முறை. முன்பல் ஒன்று இல்லை. "உன்ரை மனுஷன்?"

"இருக்கிறார். சாப்பாட்டுக்குச் சண்டை பிடிக்கிறார்." ராசமலர் டப்பாவை நீட்டினாள். "துசன் தக்," என்றாள். ஆயிரம் நன்றி. கடைக்காரனுக்கும் பஸ் ட்ரைவருக்கும் சொல்லிச் சொல்லித் தேய்ந்த சொல். அன்றைக்கு அது ஆயிரமாகவே இருந்தது.

தூறில் டப்பாவைத் திறந்து விரலால் தொட்டு வாயில் வைத்தாள். "இனிப்புக் கூட," என்றாள். மூடவில்லை. இன்னொரு விரல் எடுத்தாள்.

சாப்பிட்டுவிட்டு லொறியில் ஏறினாள். பொட்டு வைத்த தகட்டை இறக்கிக்கொண்டு வீதியில் திரும்பி, ராசமலரின் வாசலைத் தாண்டும்போது வழக்கம்போல ஒரு வரம்பு பனியைக் குவித்துவிட்டுப் போனாள்.

ராசமலர் சவலை எடுத்தாள். முதலில் தூறிலின் வாசலை அள்ளத் தொடங்கினாள்.